அழுகை நின்னா எல்லாம் சரியாயிடுச்சா? குழந்தையைத் தூக்கக் கூடாதுன்னு சொன்ன ஒரு அறிவியலின் கதை

இந்த எபிசோட் எங்க வீட்டுல ஒரு ராத்திரி ரெண்டு மணிக்கு ஆரம்பிச்சது.

அக்கா பிரசவத்துக்கு வந்து அம்மா வீட்டுலயே தங்கியிருந்த நேரம். குழந்தைக்கு நாலு மாசம். தண்ணி குடிக்க எழுந்தேன். ரூம் கதவுக்கு வெளியே அக்கா தரையில உட்கார்ந்திருக்காங்க. கையில போன், அதுல டைமர் ஓடுது. உள்ளே குழந்தை வீல்னு அழுது. "அஞ்சு நிமிஷம் போகாம இருக்கணும்டா, அப்பதான் தானா தூங்கப் பழகும்னு வீடியோல சொன்னாங்க"ன்னு சொல்றப்பவே அக்கா கண்ணுல தண்ணி. அதுக்குள்ள அம்மா எழுந்து வந்து, "எடுடி முதல்ல, பிள்ளைக்குத் தொண்டை வறண்டுடும்"னு சத்தம் போட்டாங்க. மறுநாள் காலையில பக்கத்து வீட்டு அத்தை வந்து, "தூக்கித் தூக்கி வெச்சா கைப்பழக்கம் ஆயிடும், அப்புறம் கீழேயே விட முடியாது"ன்னாங்க. ஆக வீடியோ ஒரு பக்கம், அம்மா ஒரு பக்கம், அத்தை ஒரு பக்கம்.

அழுகிற குழந்தையைத் தூக்கணுமா, வேண்டாமா? இந்தக் கேள்விக்கு நூறு வருஷத்துக்கு மேல ஒரு வரலாறு இருக்கு. மனித வளர்ச்சி பத்தின ஒரு கொள்கை பல்கலைக்கழகத்துல இருந்து கிளம்பி, புத்தகக் கடை, வீட்டுத் தொட்டில், ஆஸ்பத்திரி வார்டுன்னு போய்ச் சேர்ந்த கதை அது. அதைத்தான் இன்னைக்குப் பார்க்கப் போறோம்.

பால்டிமோர், 1920

மேற்குல அழுகையை அடக்கணும்னு முதல்ல சொன்னவங்க உளவியலாளர்கள் இல்லை, குழந்தை மருத்துவர்கள். லூதர் எம்மெட் ஹோல்ட் என்கிற நியூயார்க் மருத்துவர் 1894-ல ஒரு கையேடு வெளியிட்டார். பிறந்த குழந்தைக்கு அழுகை ஒரு உடற்பயிற்சி மாதிரி, நுரையீரல் விரியறதுக்கு நல்லது. பால் நேரப்படி மட்டுமே கொடுக்கணும். சலுகைக்காக அழுதா விட்டுடணும். இதெல்லாம் அதுல இருந்த அறிவுரைகள். 1914-ல அமெரிக்க அரசோட குழந்தைகள் நலத்துறை தாய்மார்களுக்காகப் போட்ட கையேடும் ஏறக்குறைய இதே தொனியில இருந்தது. ஒரு விஷயத்தை நியாயமா சொல்லணும். அந்தக் காலத்துல வயித்துப்போக்குலயும் தொத்து நோய்லயும் குழந்தைகள் கொத்துக் கொத்தா செத்தாங்க. சுத்தம், ஒழுங்கு, நேரம் இதுல எல்லாம் மருத்துவர்கள் கறாரா இருந்ததுக்குக் காரணம் இருந்தது.

இதுக்கு மேல "இதுதான் அறிவியல்"னு முத்திரை குத்தினவர் ஜான் வாட்சன். 1878-ல தெற்கு கரோலினாவுல பிறந்தவர். 1913-ல ஒரு கட்டுரை எழுதினார்: உளவியல்னா மனசுக்குள்ள என்ன ஓடுதுன்னு ஊகிக்கிற வேலை இல்லை, வெளியில தெரியற நடத்தையை அளக்கிறதுதான் உளவியல். நடத்தைவாதம்னு நாம சொல்றது இங்கதான் வேகம் பிடிக்குது. என்னை மாதிரி எஞ்சினியரிங் படிச்சவங்களுக்கு இது உடனே பிடிச்சுடும். இன்புட் கொடு, அவுட்புட் பாரு, நடுவுல இருக்கிற கறுப்புப் பெட்டியைப் பத்திக் கவலைப்படாதே.

வாட்சன் வேலை பார்த்தது பால்டிமோர்ல இருக்கிற ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்துல. அங்க அவரும் அவரோட மாணவி ரோசலி ரெய்னரும் நடத்திய ஒரு பரிசோதனை 1920-ல வெளியாச்சு. குழந்தைக்கு அவங்க வெச்ச பெயர் ஆல்பர்ட். பல்கலைக்கழக வளாகத்துலயே இருந்த குழந்தைகள் மருத்துவமனையில, மத்த குழந்தைகளுக்குப் பால் கொடுக்கிற வேலையில இருந்த ஒரு அம்மாவோட பையன். ஒன்பது மாசத்துல வெள்ளை எலி, முயல், நாய்னு எதைக் காட்டினாலும் பயப்படாத குழந்தை. பதினோரு மாசம் ஆனதும், வெள்ளை எலியைக் காட்டுறப்ப எல்லாம் அவன் தலைக்குப் பின்னாடி ஒரு இரும்புக் கம்பியைச் சுத்தியலால ஓங்கி அடிச்சாங்க. ஏழு தடவை. அதுக்கப்புறம் சத்தமே இல்லாம எலியைக் காட்டினாலும் குழந்தை அழுது, தவழ்ந்து ஓடப் பார்த்தது. முயலுக்கும் உரோமக் கோட்டுக்கும்கூட அந்தப் பயம் பரவினதா எழுதினாங்க.

அந்தக் கட்டுரையில பலரும் கவனிக்காம விடுற ஒரு இடம் இருக்கு. ஆல்பர்ட் கட்டை விரலை வாயில வெச்சுச் சூப்ப ஆரம்பிச்சா பயம் போயிடுது. அதனால பயத்தைப் பதிவு பண்றதுக்காக அவன் வாயில இருந்து விரலைத் திரும்பத் திரும்ப எடுத்துவிட வேண்டியிருந்ததுன்னு அவங்களே எழுதியிருக்காங்க. குழந்தை தனக்குத் தானே ஆறுதல் தேடிக்குது. ஆராய்ச்சிக்கு அது இடைஞ்சலா தெரியுது. அந்தப் பயத்தை நீக்குற முயற்சி நடக்கிறதுக்கு முன்னாடியே ஆல்பர்ட் மருத்துவமனையை விட்டுப் போயிட்டான்.

ஒரு குழந்தை, ஒரு பரிசோதனை. அந்த எண்ணிக்கையை ஞாபகம் வெச்சுக்கோங்க.

ராத்திரி ஒரு முத்தம், காலையில ஒரு கைகுலுக்கல்

அதே வருஷம் வாட்சனுக்கும் ரோசலிக்கும் இருந்த உறவு வெளியே தெரிஞ்சு, விவாகரத்து வழக்காகி, பல்கலைக்கழகம் அவரை வெளியேத்தினது. ரெண்டு பேரும் கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க. வாட்சன் நியூயார்க்ல ஜே. வால்டர் தாம்ப்சன் விளம்பர நிறுவனத்துல சேர்ந்து, சில வருஷத்துல துணைத் தலைவர் ஆனார். இனி அவர் எழுதப் போறது சக ஆராய்ச்சியாளர்களுக்கு இல்லை, பத்திரிகை வாங்கிப் படிக்கிற வீடுகளுக்கு.

1928-ல ரோசலியோட உதவியோட 'சைக்கலாஜிக்கல் கேர் ஆஃப் இன்ஃபன்ட் அண்ட் சைல்ட்' வந்தது. தாய்ப்பாசம் அளவு மீறினா வர்ற ஆபத்துன்னு அதுல ஒரு முழு அத்தியாயமே உண்டு. குழந்தையைக் கட்டிப்பிடிக்காதீங்க, முத்தம் கொடுக்காதீங்க, மடியில உட்கார வெச்சுக்காதீங்க. முடியவே இல்லைன்னா தூங்கப் போறப்ப நெத்தியில ஒரே ஒரு முத்தம். காலையில கைகுலுக்குங்க. இதுதான் அறிவுரையோட சாரம். குழந்தைகளைச் சின்ன வயசுப் பெரியவங்களா நடத்தணும்கிறது அவர் வாதம்.

அவங்க வீட்டுல ரெண்டு பையன்கள். 1930-ல ஒரு பெற்றோர் பத்திரிகையில ரோசலி எழுதின கட்டுரையைப் பத்திப் படிச்சப்ப கொஞ்சம் நேரம் அதுலயே நின்னுட்டேன். கணவரோட அறிவியலுக்குச் சில விஷயங்கள்ல தலைவணங்குறேன், சில விஷயங்கள்ல எனக்கு எதிர்ப்பு இருக்குன்னு சொல்றாங்க. பாச விஷயத்துல என் பிள்ளைகள் வளர்ந்தப்புறம் கொஞ்சம் பலவீனமானவங்களா இருக்கணும்னு ரகசியமா ஆசைப்படறேன்கிற அர்த்தத்துல எழுதியிருக்காங்க. புத்தகத்துக்கு உதவி பண்ணவங்களே, சொந்த வீட்டுல அதை முழுசா ஏத்துக்க முடியாம இருந்திருக்காங்க. 1935-ல ரோசலி இறந்துட்டாங்க. அப்போ அவங்களுக்கு வயசு 36.

வார்டுல இருந்த அமைதி

இப்ப கொஞ்சம் லண்டனுக்குப் போவோம். அங்க போறதுக்கு முன்னாடி நம்ம ஊர் ஆஸ்பத்திரியை நினைச்சுப் பாருங்க. குழந்தையைச் சேர்த்தா கட்டில்ல பக்கத்துலயே அம்மா படுத்துப்பாங்க, அப்பா வெளியே வராண்டாவுல துண்டை விரிச்சிருப்பார். நமக்கு அது சாதாரணம்.

1940-கள்ல லண்டன்ல நிலைமை வேற. 1949-ல வெளியான ஒரு பட்டியல் சொல்றபடி, கைஸ் மருத்துவமனையில குழந்தையைப் பார்க்க ஞாயித்துக்கிழமை ரெண்டு மணி நேரம் மட்டும்தான் அனுமதி. செயின்ட் தாமஸ்ல முதல் ஒரு மாசம் சந்திப்பே கிடையாது. ராத்திரி ஏழுல இருந்து எட்டுக்குள்ள வந்து, தூங்குற பிள்ளையை வேணா பார்த்துட்டுப் போகலாம்.

இது வாட்சன் புத்தகத்தைப் படிச்சுட்டுப் போட்ட விதி இல்லை. முதல் காரணம் தொத்து நோய் பயம். ஆனா தொத்து நோய் கட்டுக்குள்ள வந்த பிறகும் விதி மாறலை. ஏன்னா இன்னொரு காரணம் இருந்தது, அதுவும் கண்ணால பார்த்த காரணம். அம்மா வந்துட்டுப் போனா குழந்தை கத்தி ஊரைக் கூட்டுது. அம்மா வராம இருந்தா ரெண்டு மூணு நாள்ல அடங்கி, சமர்த்தா சாப்பிடுது, நர்ஸ் சொன்னா கேட்குது. அதனால 'பழகிடுச்சு'ன்னு எடுத்துக்கிட்டாங்க. வாட்சன் வீட்டுல சொன்னதும் வார்டுல நடந்ததும் இந்த ஒரு இடத்துல சந்திக்குது: வெளியில தெரியற நடத்தைதான் கணக்கு. அழுகை நின்னா வெற்றி.

சாஃப்ட்வேர் வேலையில இருக்கிறவங்களுக்கு இந்தத் தப்பு நல்லாத் தெரியும். ராத்திரி முழுக்க ஒரு அலர்ட்டும் வரலைன்னா சர்வர் நல்லா இருக்குன்னு அர்த்தம் இல்லை. அலர்ட் அனுப்புற புரோகிராமே செத்துப் போயிருக்கலாம்.

பாய்லர் பார்த்துக்கிட்டவர் எழுதின அட்டைகள்

இந்த அமைதியைச் சந்தேகப்பட்டவர் ஜேம்ஸ் ராபர்ட்சன், ஸ்காட்லாந்துக்காரர். ரெண்டாம் உலகப் போர் சமயத்துல ஆயுதம் எடுக்க மாட்டேன்னு மனசாட்சி அடிப்படையில மறுத்தவர். அன்னா ஃப்ராய்டு லண்டன் ஹாம்ப்ஸ்டெட்ல போர்க்காலக் குழந்தைகள் காப்பகம் ஒண்ணு நடத்தினாங்க. அங்க மனைவி ஜாய்ஸ் குழந்தைகளைப் பார்த்துக்கிட்டாங்க. ராபர்ட்சனுக்குப் பாய்லரைக் கவனிக்கிறது, ரிப்பேர் பண்றது மாதிரி வேலைகள். ஆனா அந்த இடத்துல ஒரு விதி: யாரா இருந்தாலும், பாய்லர்காரரா இருந்தாலும், குழந்தைகள்கிட்ட கவனிச்சதை ஒரு அட்டையில எழுதிக் கொடுக்கணும். ராபர்ட்சன் பார்க்கக் கத்துக்கிட்டது அங்கதான்.

1948-ல அவர் டேவிஸ்டாக் கிளினிக்ல ஜான் பௌல்பியோட சேர்ந்தார். வேலை என்னன்னா, ஆஸ்பத்திரியில அம்மாவைப் பிரிஞ்சு இருக்கிற சின்னக் குழந்தைகளை உட்கார்ந்து கவனிக்கிறது. வார்டுல மணிக்கணக்கா உட்கார்ந்தார், வீட்டுக்குப் போன பிறகும் போய்ப் பார்த்தார். அவர் கண்டது மூணு கட்டம். முதல்ல எதிர்ப்பு: கத்தல், கதவையே பார்த்துட்டு நிக்கிறது. அடுத்து மனம் உடைஞ்சு ஒடுங்குறது. மூணாவது கட்டத்துல குழந்தை சிரிக்குது, விளையாடுது, ஆனா அம்மா வந்தா யாரோ மாதிரி பார்க்குது. வார்டுல 'பழகிடுச்சு'ன்னு சொன்னது இந்த ரெண்டாவது, மூணாவது கட்டங்களைத்தான்.

சொன்னா யாரும் கேட்கலை. அதனால ஒரு கையடக்க சினி கேமராவை எடுத்தார். குழந்தையை வேணும்னே பொறுக்கி எடுத்தார்னு யாரும் சொல்லக் கூடாதுன்னு, ஆஸ்பத்திரியோட காத்திருப்புப் பட்டியல்ல இருந்து குலுக்கல் மாதிரி ஒரு பெயரை எடுத்தாங்க. படமாக்குற நேரத்தையும் முன்கூட்டியே முடிவு பண்ணி, சுவர்க் கடிகாரம் தெரியற மாதிரி எடுத்தார். நல்ல டெஸ்ட் எழுதறவங்க இப்படித்தான் யோசிப்பாங்க.

பட்டியல்ல வந்த பெயர் லாரா. ரெண்டு வயசு அஞ்சு மாசம். தொப்புள் குடலிறக்க ஆபரேஷன், எட்டு நாள் ஆஸ்பத்திரி. லாரா அதிகம் அழாத பிள்ளை. படம் எடுபடுமான்னே சந்தேகம். ஆனா படத்தோட பலமே அதுதான் ஆச்சு. முகத்தை இறுக்கி அழுகையை விழுங்கிக்கிட்டு, அம்மா எங்கேன்னு சின்னக் குரல்ல கேட்கிறது. எட்டாவது நாள் வீட்டுக்குக் கிளம்புறப்ப, தன்னோட சாமானையெல்லாம் எடுத்துக்கிட்ட லாரா, அம்மாவோட கையைப் பிடிக்க மாட்டேங்கிறா.

1952-ல இந்தப் படத்தை லண்டன் ராயல் மருத்துவச் சங்கத்துல போட்டுக் காட்டினாங்க. மருத்துவர்களுக்குக் கோபம். ஆஸ்பத்திரிகளை அவமானப்படுத்துறீங்கன்னாங்க, இந்தக் குழந்தை விதிவிலக்குன்னாங்க. அப்படிக் கோபப்பட்டவர்கள்ல ஒருத்தர் டெர்மட் மெக்கார்த்தி, அமர்ஷாம்ல குழந்தை மருத்துவர். அவர் தன்னோட வார்டுக்குத் திரும்பிப் போனார். இத்தனை வருஷமா கண் முன்னாடியே இருந்ததை அப்பதான் பார்த்தார். பிறகு தாய்மார்களை வார்டுலயே தங்க விட்டார். ராபர்ட்சன் தன்னோட அடுத்த படத்தை அங்கதான் எடுத்தார்.

1959-ல சர் ஹாரி பிளாட் தலைமையிலான குழு பிரிட்டிஷ் அரசுக்கு அறிக்கை கொடுத்தது: பெற்றோர் எப்ப வேணா குழந்தையைப் பார்க்கலாம்னு இருக்கணும். பரிந்துரை வந்தவுடனே வார்டுக் கதவு திறந்துடலை. 1961-ல லண்டன் பேட்டர்சீல சில தாய்மார்கள் சங்கம் சேர்ந்து, ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா கேட்டு அழுத்தம் கொடுத்தாங்க. ஒரு தப்பான வழக்கம் திருந்துறதுக்கு ஆராய்ச்சி, படம், அரசு அறிக்கை, அம்மாக்களோட பிடிவாதம் நாலும் தேவைப்பட்டிருக்கு.

சரியான கொள்கையும் சாட்டை ஆச்சு

கதை இங்கயே முடிஞ்சா நல்லாத்தான் இருக்கும். ஆனா முடியலை. பௌல்பி 1951-ல உலக சுகாதார நிறுவனத்துக்காக ஒரு அறிக்கை எழுதினார். தாயோட தொடர்ச்சியான அன்பு குழந்தையோட மனநலத்துக்கு அவசியம்னு அது சொன்னது. அதுக்கு ஆதாரமா இருந்த ஆய்வுகள் பெரும்பாலும் அனாதை இல்லங்கள்லயும் ஆஸ்பத்திரிகள்லயும் நீண்ட நாள் பிரிவை அனுபவிச்ச குழந்தைகளைப் பத்தினது. ஆனா அது வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தப்போ, "அம்மா வேலைக்குப் போனா பிள்ளை கெட்டுடும்"னு மாறிடுச்சு. வாட்சன் காலத்துல அம்மா அதிகமா அன்பு காட்டுனது குத்தம். இப்ப போதுமான நேரம் கூட இல்லாதது குத்தம். கொள்கை தலைகீழா மாறினாலும் குத்தவாளிக் கூண்டுல நின்னது அதே அம்மாதான்.

இதையும் ஆட்கள் சரி பார்த்தாங்க. 1962-ல அதே நிறுவனமே மறுபரிசீலனைத் தொகுப்பு ஒண்ணை வெளியிட்டது. மானுடவியலாளர் மார்கரெட் மீட் அதுல எழுதினவங்கள்ல ஒருத்தர். 1972-ல மைக்கேல் ரட்டர், 'தாயன்பு இழப்பு'ங்கிற ஒரே பெயருக்குள்ள வெவ்வேறு விஷயங்களைப் போட்டுக் குழப்பிட்டோம்னு பிரிச்சுக் காட்டினார். உறவே கிடைக்காம வளர்றது வேற, இருந்த உறவைக் கொஞ்ச நாள் பிரியறது வேற. அந்த உறவும் அம்மா ஒருத்தர்கிட்ட மட்டும்தான் இருக்கணும்னு இல்லை.

மறுபடியும் பால்டிமோர்

பௌல்பியோட வேலை பார்த்த மேரி ஐன்ஸ்வொர்த், பிறகு உகாண்டாவுல தாய்மார்களையும் குழந்தைகளையும் வீடு வீடாப் போய்க் கவனிச்சாங்க. அதுக்கப்புறம் பால்டிமோர்ல, அதே ஜான்ஸ் ஹாப்கின்ஸ்ல பேராசிரியர் ஆனாங்க. அங்க 26 குடும்பங்களைக் குழந்தையோட முதல் வருஷம் முழுக்க, ஏறக்குறைய மூணு வாரத்துக்கு ஒரு தடவை, ஒவ்வொரு தடவையும் சுமார் நாலு மணி நேரம் வீட்டுலயே உட்கார்ந்து அவங்க குழு கவனிச்சது. 1972-ல சில்வியா பெல்லும் ஐன்ஸ்வொர்த்தும் வெளியிட்ட முடிவு: ஆரம்ப மாசங்கள்ல அழுகைக்கு உடனே பதில் கிடைச்ச குழந்தைகள் வருஷக் கடைசியில குறைவாத்தான் அழுதாங்க. தூக்கினா அழுகை வளரும்னு வாட்சன் கணக்குப் போட்ட ஊர்லயே, நேர்மாறான கண்டுபிடிப்பு.

இதையும் வேதவாக்கா எடுத்துக்க வேண்டாம். நடத்தைவாதிகள் அதோட அளவீட்டு முறையைக் கேள்வி கேட்டாங்க, பின்னாடி வந்த எல்லா ஆய்வும் இதே முடிவைச் சொல்லவும் இல்லை. இன்னொரு பக்கம், அக்கா பார்த்த வீடியோல வர்ற தூக்கப் பயிற்சியும் வாட்சன் சொன்னதும் ஒண்ணு இல்லை. ஆஸ்திரேலியாவுல மெல்போர்ன் ஆய்வாளர்கள், தூக்கப் பிரச்சினை இருந்த குழந்தைகளோட குடும்பங்களை ஏழு மாச வயசுல சேர்த்து, ஒரு பகுதிக்குப் படிப்படியான மென்மையான பயிற்சியைக் கத்துக் கொடுத்தாங்க. ஆறு வயசுல 225 குழந்தைகளை மறுபடி பார்த்து 2012-ல வெளியிட்டாங்க. நீண்ட காலக் கெடுதலும் தெரியலை, நீண்ட கால நன்மையும் தெரியலை. ஆனா அது ஏழு மாசத்துக்கு மேல. அக்கா டைமர் போட்டது நாலு மாசக் குழந்தைக்கு.

வீடியோல அந்த ஒரு வரி விடுபட்டிருந்தது. கொள்கைகள் வீட்டுக்கு வர்றப்ப முதல்ல கழண்டு விழுறது இந்த மாதிரி வரிகள்தான். யாரைப் பார்த்தாங்க, எத்தனை பேரை, எந்த வயசுல, எவ்வளவு நாள், எதை வெற்றின்னு அளந்தாங்க. அறிவுரை மட்டும் வந்து சேரும், அதோட நிபந்தனைகள் வழியிலேயே நின்னுடும்.

1936-ல வாட்சன் தன் வாழ்க்கையைப் பத்தி எழுதினப்ப, அந்தக் குழந்தை வளர்ப்புப் புத்தகத்துக்காக வருத்தப்படறதா சொன்னார். எழுத நினைச்ச புத்தகத்தை எழுதற அளவுக்கு எனக்குப் போதுமான விஷயம் தெரிஞ்சிருக்கலைன்னு ஒத்துக்கிட்டார். அதுக்குள்ள எட்டு வருஷம் ஆயிடுச்சு. அந்த எட்டு வருஷத்துல எத்தனை வீட்டுல எத்தனை பேர் கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்தாங்களோ.

இதையெல்லாம் அக்காகிட்ட சொன்னேன். பாதி கேட்டாங்க, பாதி கொட்டாவி விட்டாங்க. "அப்ப தூக்கலாமா?"ன்னு கேட்டாங்க. "நாலு மாசக் குழந்தையைத் தூக்கினா கெட்டுப் போகும்னு யார்கிட்டயும் ஆதாரம் இல்லை அக்கா. உனக்குக் கை வலிச்சா என்கிட்ட கொடு"ன்னேன். அன்னைக்கு ராத்திரியில இருந்து ரெண்டு மணி ஷிஃப்ட் என்னோடது. தோள்ல போட்டு ஹாலுக்கும் சமையலறைக்கும் நடந்துக்கிட்டே யோசிச்சதுதான் இந்த எபிசோட்.

அழுகை நின்னா, ஒரு நிமிஷம் முகத்தையும் பாருங்க. தூக்கம் வந்து நின்னதா, ஆறுதல் கிடைச்சு நின்னதா, இனி யாரும் வரப் போறதில்லைன்னு நின்னதா. வெளியில இருந்து பார்த்தா மூணும் ஒரே அமைதிதான். வித்தியாசம் தெரியணும்னா ராபர்ட்சன் மாதிரி பக்கத்துல கொஞ்ச நேரம் உட்காரணும்.

உங்க வீட்டுல இதைப் பத்தி நடந்த சண்டைகளை எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.